படைவீரர் ஒருவர் பந்தயக் களத்தில்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கங்களில் வாழும் நமக்குப் படைவீரர் புதியவரல்லர். ஆவடியில் விமானப்படை நிலையம் உண்டு. சீருடை அணிந்தாரை நாம் நாடோறும் வீதியிற் காண்கின்றோம். ஆயினும் பணிக்காலம் முடிந்து மீண்ட வீரர் வாயிற்காவலுக்கே தக்கவர் என்று நம்மவருட் சிலர் கருதுவதைக் கேட்டு வருந்தியதுண்டு. அக்கருத்து எத்துணைப் பிழைபட்டது என்பதை ஓ. எம். நம்பியாரது வரலாற்றால் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

இவர் கோழிக்கோட்டைச் சார்ந்த வடகரைக்கு அருகிலுள்ள மணியூரினர். குருவாயூரப்பன் கல்லூரியில் மாணாக்கராயிருந்த போதே ஓட்டத்தில் பெயர் பெற்றார். 1955இல் விமானப்படையிற் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்தார். 1962, 1965ஆம் ஆண்டுப் போர்கள் இரண்டும் அவர் சீருடை தரித்திருந்த காலத்து நிகழ்ந்தவையே. 1970இல் படையினின்று விலகிய பின்னர், கேரளத்தில் இளைஞர்க்கு ஓட்டம் பயிற்றும் தொழிலை மேற்கொண்டார். 1976இல் கண்ணூரில் மாணவியர்க்கென விளையாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கு வந்த சிறுமியருள் மெலிந்த உடலும் விரைந்த நடையும் உடைய ஒருத்தி அவர் கண்ணிற் பட்டாள். அவளே பி. டி. உஷா.

நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் சிறந்து விளங்கிய அம்மாணவியைத் தடையோட்டத்திற்குத் திருப்பியவர் நம்பியார். அதன் அருமையை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். பெண்டிர்க்குரிய 400 மீட்டர் தடையோட்டத்தில் 76.2 சென்டிமீட்டர் உயரமுள்ள பத்துத் தடைகள் உண்டு. முதல் தடைக்கு 45 மீட்டர். பின்னர் ஒவ்வோர் இடைவெளியும் 35 மீட்டர். இறுதியில் 40 மீட்டர். இடையே வைக்கும் அடிகள் ஒற்றைப்படையாயின் அதே கால் முன்சென்று தடையைத் தாண்டும். இரட்டைப்படையாயின் மற்றைக் கால் முந்தும். களைத்த நிலையில் ஓரடி மிகுந்தாலும் ஓட்டம் குலையும். வேகம் மட்டும் இங்குப் போதாது. அடி எண்ணி ஓடவேண்டும். இடம் வலம் என்று அணிநடை பயின்ற ஒருவர் இதனைக் கற்பிக்கத் தக்கவரே என்று நமக்குத் தோன்றுகின்றது. செயற்கைத் தளம் வாய்க்காத அந்நாளில் பய்யோளிக் கடற்கரை மணலும் அவர்களுக்குப் பயிற்சிக் களமாயிற்று.

1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலேதான் இவ்வோட்டம் முதன்முதலாகப் பெண்டிர்க்கு வைக்கப்பட்டது. இறுதிப் பந்தயத்தில் வேறொருத்தி முந்திப் புறப்பட்டமையால் யாவரும் மீண்டும் தொடங்க நேர்ந்தது. மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவக்கில் 54.61 விநாடியில் வென்றார். மூன்றாமிடம் பெற்ற ருமேனியப் பெண்மணிக்கு 55.41, உஷாவுக்கு 55.42. ஒரு விநாடியை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு! கோட்டருகே மார்பை முன்சாய்த்திருந்தால் பதக்கம் கிட்டியிருக்கும் என்று இன்றும் சொல்வாருளர். ஓடாதவர்க்கு அவ்வாறு சொல்வது எளிது.

குருவும் மாணவியும் அத்துடன் ஓயவில்லை. மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயங்களில் உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் பெற்றார். 1986இல் சியோலில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும். பயிற்சியாளர்க்கென 1985இல் துரோணாசாரியர் விருது ஏற்படுத்தப்பட்டபோது, அதனை முதன்முதற் பெற்றாருள் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ விருது அவருக்கு 2021இல் தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் காலமானார்.