கடைக் கணக்கும் மெமரி கார்ட்டும்

கடன் கொப்பியைக் கரையான் அரித்த காலம் போய்விட்டது. இன்று நம்மில் பலர் பில்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, மெமரி கார்ட்டில் பதிந்து, வீட்டு லாச்சிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

128 ஜிபி என்று அச்சிட்ட கார்ட் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கினேன். ஒரு பில்லின் படம் சுமார் 3 எம்பி. எனவே நாற்பதாயிரம் பில்கள் கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் வருடம் மொத்த வியாபாரி ஒருவருடன் நிலுவை பற்றிப் பேச்சு வந்தது. கார்ட்டைப் போட்டுப் பார்த்தால் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன, படங்கள் திறக்கவில்லை. அவர் சொன்ன தொகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அது போலி கார்ட். உள்ளே இருந்த இடம் 8 ஜிபி மாத்திரமே. கார்ட்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியமைத்து, 128 ஜிபி என்று கம்பியூட்டரிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பியதும், புதிய படங்கள் பழையவற்றை அழித்துக்கொண்டு பதியும். அல்லது பதியாமலே போய்விடும். பெயர் மட்டும் மிஞ்சும்.

நல்ல கார்ட்டும் நிரந்தரமல்ல. தரவுகள் மின்னேற்றமாகவே அதில் தங்குகின்றன. பாவிக்காமல் பல வருடங்கள் வைத்தால் அந்த மின்னேற்றம் மெல்லக் கசியும். அடிக்கடி எழுதி அழித்தால் கார்ட் தேயும். பழுதாகும்போது முன்னறிவிப்பின்றி முழுவதுமாகப் போய்விடுவதும் உண்டு.

ஆகவே வியாபார அன்பர்களே, சில விடயங்களைக் கவனியுங்கள். புதிய கார்ட்டை வாங்கியதும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் சோதியுங்கள். அது கார்ட்டை முழுமையாக நிரப்பி, மீண்டும் வாசித்து, உண்மை அளவைக் காட்டிவிடும். 32 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி வகையைச் சேர்ந்தவை. பழைய ரீடர்கள் அவற்றை வாசிக்காமல் விடலாம். கம்பியூட்டரில் 'இஜெக்ட்' கொடுத்த பின்னரே கார்ட்டைக் கழற்றுங்கள்.

முக்கியமாக, கணக்கை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கம்பியூட்டரில் ஒரு பிரதி, கார்ட்டில் ஒரு பிரதி, கடைக்கும் வீட்டுக்கும் வெளியே நம்பிக்கையான உறவினரிடம் ஒரு பிரதி என மூன்று இருக்கட்டும். பிறருடைய கொடுக்கல் வாங்கல் நம் கையிலுள்ள அமானிதமல்லவா?

இன்று கடை அடைக்குமுன் உங்கள் கார்ட்டிலுள்ள பில்களில் பழையதொன்றையும் புதியதொன்றையும் திறந்து பாருங்கள்.