கூண்டு அழகாக இருந்தால் மட்டும் போதுமா?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் வழியில் உள்ள மம்பாவ் வட்டாரத்தில், தோட்டப்புற வாழ்க்கை என்றாலே வீட்டோடு ஆடு, கோழி, மைனா என்று ஏதாவது ஓர் உயிரும் சேர்ந்து வளரும். தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தவர்களால் ஆட்டையும் கோழியையும் உடன் கொண்டு வர முடியவில்லை. அவற்றின் இடத்தைப் பல வீடுகளில் கூண்டுப் பறவைகள் பிடித்துக் கொண்டன.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், அப்பா ஒரு ஜோடி வாங்கி வருகிறார். சில மாதங்களில் ஒன்று செத்துக் கிடக்கிறது. கடைக்காரர் நோயுள்ள பறவையைக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு எழுகிறது. ஆனால், பல வேளைகளில் குறை பறவையில் இல்லை; அது அடைபட்டிருந்த கூண்டிலும், அக்கூண்டு இருந்த இடத்திலும்தான் இருக்கிறது.

உயரமா, நீளமா?

நம்மவர்கள் "லவ் பேர்ட்ஸ்" என்று அழைக்கும் சிறு கிளிகளில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜரிகர் இனம். ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளில் நீரையும் புல் விதையையும் தேடிக் கூட்டம் கூட்டமாக வெகுதூரம் பறப்பவை இவை. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

இவை நேராக மேலே எழும்புவதைவிடக் குறுக்காகப் பறப்பதையே விரும்பும். எனவே, கோபுரம் போல் உயர்ந்த கூண்டைவிட நீளமான கூண்டே நல்லது. வட்டக் கூண்டில் பறவை ஒதுங்க மூலை கிடையாது. ஒரு ஜோடிக்குக் குறைந்தது 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் தேவை. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தலை சிக்கிக் கொள்ளும். மெர்போக் பறவைக்குப் பயன்படும் மூங்கில் கூண்டு இதற்கு ஏற்றதல்ல. கிளி இனம் மூங்கிலைக் கடித்தே வெளியே வந்துவிடும்.

நீங்களே செய்யலாம்

3 அடி அகலமுள்ள அரை அங்குலக் கம்பி வலையில் 8 அடி நீளம் வாங்குங்கள். அதில் 6 அடியை வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு முறை பலகை விளிம்பில் வைத்து மடக்கினால், 3 அடி நீளமுள்ள நான்கு பக்கப் பெட்டி தயார். அடுத்த ஒன்றரை அடியை இரண்டாக வெட்டினால் இரு முனைகளையும் மூடலாம். எஞ்சிய அரை அடி கதவுக்கு. வெட்டிய கம்பி நுனிகளை மடக்கி விடுங்கள். கதவுக்கு நல்ல கொக்கி போடுங்கள்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. சாதாரணக் கம்பி வலை துத்தநாகப் பூச்சு கொண்டது. பறவை கம்பியைக் கடித்துக் கடித்து அந்தப் பூச்சைத் தின்றால் விஷமாகும். புது வலையைச் சமையல் காடி ஊற்றிப் பிரஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தால் ஆபத்து குறையும்; முற்றாக நீங்காது. வசதியுள்ளவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலையே சிறந்தது. பழைய சாயம் பூசிய இரும்பும், ஈயப் பற்று வைத்த இணைப்பும் வேண்டாம்.

உட்காரும் கொம்புக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியைவிடக் கொய்யாக் கிளை நல்லது. தடிப்பு கூடியும் குறைந்தும் இருந்தால் கால்களுக்குப் பயிற்சி கிடைக்கும். களைக்கொல்லி தெளித்த இடத்திலிருந்து கிளை வெட்டாதீர்கள். தீனிக் கிண்ணத்திற்கு நேர் மேலே கொம்பு கட்டினால் எச்சம் தீனியில் விழும்.

எங்கே வைப்பது?

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறிய 1986 வரை கேனரிக் குருவிகள் பயன்பட்டன. மனிதர் உணரும் முன்பே அவை மயங்கிவிடும். சில கூண்டுகளில் மயங்கிய குருவியை மீட்க ஆக்சிஜன் உருளையும் பொருத்தப்பட்டிருந்தது. பறவையின் சுவாசம் அவ்வளவு நுட்பமானது.

இதை மனத்தில் கொண்டால், சாமி அறைக்குப் பக்கத்தில் கூண்டைத் தொங்க விடமாட்டோம். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, சிகரெட் எல்லாமே கெடுதல். அளவுக்கு மீறிச் சூடேறிய ஒட்டாச் சட்டியின் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்; ஆகவே சமையலறை கூடவே கூடாது. 2015, 2019ஆம் ஆண்டுகளைப் போல் புகைமூட்டம் சூழ்ந்தால் கூண்டை உள்ளே கொண்டு வந்து விடுங்கள்.

தகரக் கூரைக்கு அடியில் பிற்பகல் வெப்பம் தாங்காது. காலை வெயில் படும், பாதி நிழலான இடமே உகந்தது. ஒரு பக்கம் சுவரோடு இருந்தால் பறவைக்கு அச்சம் குறையும். எறும்பு ஏறாதிருக்கக் கூண்டுக் கால்களை நீர் டப்பாவில் வைப்பார்கள். அந்த நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் ஏடிஸ் கொசு பெருகி, டிங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

கூண்டின் தட்டில் பழைய நாளிதழை விரித்துத் தினமும் மாற்றுங்கள். காய்ந்த எச்சத் தூசு மூலம் கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றலாம். நீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு துடைப்பதே பாதுகாப்பு.

சட்டமும் உண்டு

தோட்டத்து ஓரத்தில் கண்ணி வைத்துப் பிடித்த குருவியை இந்தக் கூண்டில் அடைக்க எண்ண வேண்டாம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், முராய் பத்து உட்பட பல காட்டுப் பறவைகளை வைத்திருக்க பெர்ஹிலித்தான் உரிமம் தேவை. காட்டில் பிடிபட்ட பறவை கம்பியில் மோதி மோதியே காயப்படும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவையை வாங்குவதே முறை.

முதலில் பறவை, பிறகு கூண்டு என்பதுதான் பலரின் வழக்கம். அதை மாற்றிக் கொள்ளுங்கள். ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்குச் சிறகை விரித்துப் பறக்க இடமுள்ள கூண்டு வீட்டில் தயாரான பிறகு கடைக்குப் போங்கள். அதற்கு இடமோ காசோ இப்போது இல்லையென்றால், பறவையை வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதில் தவறில்லை.