எரிவாயு வெந்நீர் அடுப்பும் புகை போகும் வழியும்

நமது ஊர்களில் வெந்நீர் அடுப்பு புறக்கடையில் இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. மூன்று கல்லைக் கூட்டி, அதன்மேல் தவலையை ஏற்றி, தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்கச்சியும் இட்டு எரிப்பார்கள். சற்று வசதியுள்ள வீடுகளில் நடுவே குழாய் வைத்த செப்பு பாய்லர் இருந்தது. கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையைக் கண்டு எல்லாரும் முகஞ்சுளித்தார்களே அன்றி, அது வானத்தை நோக்கிப் போய்விடுகிறது என்னும் நன்மையை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்று அந்த அடுப்பின் இடத்தைச் சுவரில் மாட்டும் சிறு பெட்டி ஒன்று பிடித்துக்கொண்டுள்ளது. மக்கள் இதனைக் ‘கேஸ் கீசர்’ என்றே வழங்குகின்றனர். குழாயைத் திருகியவுடன் உள்ளே தீ தானாகவே பற்றிக்கொள்கிறது. ஒரு நிமிடத்திற்குள் வெந்நீர் வருகிறது. பெரும்பாலானவற்றில் தீப்பொறிக்கு இரண்டு டார்ச் பேட்டரிகளே போதும் ஆதலால், மின்சாரம் நின்றாலும் வெந்நீர் நிற்பதில்லை. விறகு சுமந்து முதுகொடிந்த தாய்மார்களுக்கு இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. இக்கருவியைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் தீ வீட்டிற்குள் வந்தபோது, புகை போகும் வழி அதனுடன் வரவில்லை. அதனைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

சென்ற மார்கழியில், வீட்டுவசதிப் பணிகளைப் பார்வையிட நமது வட்டாரத்தைச் சேர்ந்த மலையோரச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அதற்கு மூன்று நாள் முன்னர்தான் அவ்வூரில் ஒரு விவசாயியின் மகள், கல்லூரியில் படிப்பவள், குளியலறையில் மயங்கி விழுந்திருந்தாள். நெடுநேரமாகியும் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்கவே, தாய் கதவைத் தட்டினாராம், பதிலில்லை. அண்ணன் கதவை மோதித் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே நுழைந்து, தங்கையை முற்றத்திற்குத் தூக்கி வந்தான். 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிராணவாயு கொடுத்த பின்னரே தெளிவு வந்தது. வெறும் வயிற்றோடு இருந்ததால் வந்த மயக்கம் என்று தந்தையார் எண்ணினார். பாட்டியாரோ ‘காற்றுக் கருப்பு’ என்றார். விஷவாயு என்று சொன்னவர் மருத்துவர். பாட்டியார் கூற்றிலும் ஓர் உண்மை இருக்கத்தான் செய்தது. பழுது காற்றில்தான் இருந்தது.

அக்குளியலறையை நாம் நேரில் பார்த்தோம். நீளம் 5 அடி, அகலம் 4 அடி, உயரம் 8 அடி. வாளிக்கு மேலே சுவரில் கீசர் தொங்கியது. உச்சியில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. குளிர் காற்று புகாதிருக்க அதில் பிளாஸ்டிக் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். இவ்விஷயத்தில் நாமும் குற்றமற்றவர் அல்லோம். நமது குடியிருப்பின் குளியலறை வென்டிலேட்டரையும் சென்ற மழைக்காலத்தில் அட்டை வைத்து அடைத்திருந்தது அப்போதுதான் நினைவிற்கு வந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். அந்த அறையின் கொள்ளளவு 160 கன அடி. நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், முழு வேகத்தில் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 900 கிராம் சமையல் எரிவாயுவைச் செலவிடும். கால் மணி நேரக் குளியலுக்கு 225 கிராம் ஆகிறது. இவ்வளவும் நன்றாக எரிந்து முடிய, ஏறக்குறைய 100 கன அடிக் காற்று வேண்டும். அதாவது, ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அவ்வறையிலுள்ள காற்றில் பாதிக்கு மேற்பட்ட பகுதியைத் தீயே உண்டுவிடுகிறது. குளிப்பவர் மூச்சுவிடுவதும் அதே காற்றைத்தான்.

காற்று தாராளமாகக் கிடைக்கும்போது எரிவாயு முழுமையாக எரிந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. காற்றில் சாதாரணமாக நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அடைத்த அறையில் தீ எரிய எரிய இந்த அளவு குறைகிறது. அப்போது தீ அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளிவிடத் தொடங்குகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. எரிவாயு கசிந்தால் மூக்கிற்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் துர்நாற்றமுள்ள பொருள் ஒன்றை அதில் கலந்துதான் விநியோகிக்கிறார்கள். ஆனால் வாயு எரியும்போது அப்பொருளும் எரிந்துபோகிறது. ஆகவே, நாற்றம் வரவில்லை, எனவே ஆபத்தில்லை என்று இருந்துவிடலாகாது.

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் பொருள், இந்த விஷவாயுவை அதைவிட 200 மடங்கிற்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்ளும். பற்றியதை எளிதில் விடுவதுமில்லை. முதலில் தலைவலியும் கிறுகிறுப்பும் தோன்றும், பின்னர் குமட்டல், அதன்பின் கால்கள் துவளும். தாழ்ப்பாள் எட்டும் தூரத்தில் இருக்கும், கை எழாது. இதனால்தான் குளியலறை விபத்துகளில் பலர் கூக்குரல் கூட இடுவதில்லை.

பரிகாரம் எளிதானது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, வீட்டின் பின்சுவரில், திறந்த வெளியில் மாட்டுங்கள். வெந்நீர் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வரட்டும். மழை படாதபடி மேலே சன்ஷேடோ தகரமோ இருத்தல் வேண்டும். நேராகக் காற்றடிக்கும் மூலையைத் தவிர்க்க வேண்டும். ஏனெனில் காற்றில் தீ அணையக்கூடும். தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள கருவியையே வாங்குங்கள். இத்தகைய சிறு கீசர்களுக்கென்று ஐ.எஸ். 15558 என்னும் தர விதியே உள்ளது. வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. உதவாது; சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய் வேண்டும். வெளியில் மாட்டினால் முதலில் சிறிது தண்ணீர் பச்சையாக வரும் என்று சிலர் குறைபடுகின்றனர். உண்மைதான், அரை வாளித் தண்ணீர் அது, செடிக்கு ஊற்றலாம்.

சிலிண்டரும் வெளியிலேயே, தரை மட்டத்திற்கு மேல், நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். ரப்பர் குழாயைச் சுவருக்குள் நுழைத்துக் கொண்டுசெல்வது கூடவே கூடாது. சுவருக்குள் தேய்ந்தாலும் எலி கடித்தாலும் கண்ணிற்குத் தெரியாது. அவ்வாறு கொண்டுசெல்ல நேர்ந்தால், உலோகக் குழாயை உரிய பணியாளரைக் கொண்டே அமைக்க வேண்டும். சமையலறைச் சிலிண்டரில் ‘டீ’ இணைப்பு வைத்து அடுப்பிற்கும் கீசருக்கும் பங்கிடும் வழக்கம் பல இடங்களில் காண்கிறோம். செலவைச் சிக்கனம் செய்ய வேண்டிய இடம் இதுவன்று. இணைப்புகளைச் சோதிக்கச் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்; தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் துணிவு வேண்டாம்.

எல்லா வீட்டிற்கும் புறக்கடை இல்லை. ஒட்டினாற்போல் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளில் பின்சுவரே அடுத்தவர் சுவராக இருக்கும். அங்கே கருவி வீட்டிற்குள் இருக்க நேர்ந்தால், புகைக்குழாய் பொருத்தும் வசதியுள்ள வகையை மட்டுமே வாங்க வேண்டும். அதையும் குளியலறையிலோ படுக்கையறையிலோ மாட்டாமல், காற்றோட்டமுள்ள நடைவழியில் மாட்டுவதே முறை. புகைக்குழாய் துத்தநாகத் தகட்டினாலோ எவர்சில்வரினாலோ ஆனதாக இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். கருவியின் வாய் எவ்வளவு அகலமோ, கடைசி வரை குழாயும் அவ்வளவு அகலம் இருக்க வேண்டும். கடையில் கிடைத்த குறுகிய குழாயைச் செருகி ஒப்பேற்றலாகாது. கருவியிலிருந்து முதலில் 2 அடியேனும் நேர் மேலே ஏறிய பின்னரே வளைக்கலாம். படுக்கைவாட்டில் செல்லும் பகுதி குறைவாகவும், வெளிப்புறம் நோக்கி ஏறுமுகமாகவும் இருத்தல் அவசியம். வெப்பமான புகை மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது. இறங்கச் சொன்னால் அது திரும்பி வீட்டிற்குள்தான் வரும். முனை கூரைக்கு 2 அடியாவது மேலே நின்று, தலையில் மழை மூடி அணிந்திருக்கட்டும். சன்னலுக்கு அருகே முடியும் குழாய் ஒரு வாசல் வழியாகப் போன புகையை மறு வாசல் வழியாக அழைத்து வரும். கீற்றுக் கூரையைத் துளைத்துப் புகைக்குழாய் செலுத்துவதை நாம் எவ்வகையிலும் ஆதரிக்க மாட்டோம்.

புகைக்குழாய் இருப்பது மட்டும் போதாது. தீக்குப் புதுக் காற்றும் வரவேண்டும். தரைக்கருகே ஒன்றும் கூரைக்கருகே ஒன்றுமாக, 9 அங்குலத்திற்கு 6 அங்குலம் அளவில் துளைக்கல் வைத்த இரண்டு திறப்புகள் அந்த இடத்தின் வெளிச்சுவரில் அமையட்டும். கதவு போட்டு மூடக்கூடியதாக அவற்றை அமைக்க வேண்டாம். மூட முடிந்தால், மார்கழியில் மூடப்படும். அதே இடத்தில் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி இருந்தால் அதுவும் ஒரு பகை. அது அறைக்காற்றை இழுக்கும்போது புகைக்குழாயின் புகையையும் கீழே இழுத்துவிடும். புகை சரியாக ஏறுகிறதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கருவி எரியத் தொடங்கிச் சில நிமிடம் சென்றபின், அதன் மேற்பகுதியில் புகைக்குழாய் தொடங்கும் திறப்பினருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஊதுபத்திப் புகை உள்ளே இழுக்கப்பட்டால் நன்று. முகத்தை நோக்கித் திரும்பினால் உடனே நிறுத்திவிடுங்கள். குருவிக்கூடோ குளவிக்கூடோ குழாயை அடைத்திருக்கலாம். ஆண்டுதோறும் குளிர்காலத்திற்கு முன் குழாயைப் பார்த்துத் துப்புரவு செய்வது நலம். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிவதும், பெட்டியின் மேல் கரி படிவதும் பழுதிற்கு அறிகுறிகள். ஆயினும், தீ நீலமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வென்டிலேட்டரை அடைப்பவர்களுக்கு நமது பதில், மேலே சொன்ன கணக்கேயாகும்.

எந்த வாயு என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணூரில் 2019ஆம் ஆண்டில் திரவ இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியது. இராமநாதபுரம் – தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய்வழி 2021ஆம் ஆண்டில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. சில மாவட்டங்களில் குழாய் மூலம் இவ்வாயு வீடுகளுக்கும் வரத் தொடங்கியுள்ளது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கூரையடியில் சேரும். மேலும் கீழும் திறப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வாயுவிற்குச் செய்த கீசரை மற்றதற்கு அப்படியே இணைத்தலாகாது. அழுத்தமும், வாயு வெளிவரும் துளையின் அளவும் வேறு. சாண எரிவாயுக் கலன் வைத்துள்ள விவசாயிகள் சிலர், அதனைக் கீசருக்கு இணைக்கலாமா என்று கேட்கின்றனர். வேண்டாம் என்பதே நமது கருத்து. அதிலுள்ள கந்தக வாயு கீசரின் செப்புக் குழாயை அரித்துவிடும். புறக்கடையில் சாண எரிவாயு அடுப்பை வைத்து, பழைய தவலையையே அதன்மேல் ஏற்றலாம்.

யாரேனும் மயங்கிக் கிடப்பதைக் கண்டால், மூச்சை அடக்கிக்கொண்டு கதவையும் சன்னலையும் திறந்து, வாயுவை நிறுத்தி, அவரை உடனே வெளிக்காற்றிற்குக் கொண்டுவர வேண்டும். பின் 108 எண்ணை அழைத்து, கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், விரலில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் கருவி பல வீடுகளில் உள்ளது. இதில் மட்டும் அதனை நம்ப வேண்டாம். விஷவாயு ஏறிய இரத்தத்தையும் பிராணவாயு நிறைந்த இரத்தமாகவே அது காட்டும். வாயுக் கசிவு நாற்றத்திற்குத் தெரிவிக்க வேண்டிய எண் 1906. மலையூர்களில் இரவு முழுதும் அறைக்குள் கணப்புச் சட்டி வைத்துக் கதவடைத்து உறங்குவோருக்கும் நேருவது இதே விஷம்தான்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். வீட்டு வரைபடம் அனுமதிக்கு வரும்போதே, வெந்நீர் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிடலாம். கட்டுமானத்தின்போது பின்சுவரில் ஒரு துளை விட்டுவைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். பூச்சு முடிந்த பின் உடைப்பதுதான் செலவு. நவம்பர் 1 அன்று நடைபெறும் கிராம சபை, குளிர் தொடங்கும் தறுவாயில் வருவதால், இதனை எடுத்துச் சொல்ல ஏற்ற நாள். மாணவர் விடுதிகளும் தங்கும் விடுதிகளும் உள்ள ஊராட்சிகளில், அவற்றின் குளியலறைகளை ஒருமுறை நேரில் பார்த்து வருவதும் நன்று.

நாம் கண்ட அம்மலையோர வீட்டில், மறு வாரமே கீசர் பின்சுவருக்கு மாறிவிட்டது. சாக்கையும் எடுத்துவிட்டார்கள். சாரலும் குளிர்காற்றும் நேராக அடிக்காதபடி, வென்டிலேட்டரின் வெளிப்புறத்தில் கொத்தனார் சாய்வான தகரம் ஒன்றைப் பொருத்தினார். அடிப்புறம் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னோம். அவர் ஒன்றரைச் சாண் விட்டிருந்தார்.