4 ஆயிரம் வருட கற்களை சாய்க்கும் மாட்டு முதுகு!

எக்ஸ்மூர் மேட்டில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும் குட்டிக் கற்கள்

4 ஆயிரம் வருடமாகக் காற்றையும் மழையையும் தாங்கி நின்ற கல். மாடு வந்து முதுகு சொறிந்ததில் சாய்ந்துவிடுகிறது!

சாய்ந்த கல் ஒருநாள் விழுகிறது. விழுந்த கல்லைப் புல் மூடுகிறது. அப்புறம் அங்கே அப்படி ஒரு கல் நின்றது என்பதற்கே சாட்சி இல்லாமல் போகிறது.

இங்கிலாந்து நாட்டில் எக்ஸ்மூர் என்ற மேட்டுப் பகுதியில்தான் இந்தக் கூத்து நடக்கிறது. அந்தக் கற்களைத் தேடிப் போய், அளந்து, போட்டோ பிடித்து, எழுதி வைப்பதுதான் அவற்றைக் காப்பாற்றுவதற்கு முதல் வழி.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மரம் இல்லாத மேடு

இங்கிலாந்தின் தென்மேற்கில் சோமர்செட், டெவன் என்று 2 மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது எக்ஸ்மூர். பரப்பு 267 சதுர மைல். 1954-ம் ஆண்டு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

பூங்கா என்றதும் பூச்செடி, ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் புதரும்தான். காலை வைத்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும் கறுப்பு மண். செடி கொடிகள் மக்கி மக்கிச் சேர்ந்த மண் அது. செம்மறி ஆடு, மாடு, மட்டக்குதிரை, மான் எல்லாம் மேய்கின்றன. மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்தில் வருகிற ஆள்கூடத் தெரியாது.

1869-ல் வெளிவந்த "லோர்னா டூன்" என்ற நாவலில் ஒரு கொள்ளைக் கூட்டம் பதுங்கி இருப்பது இந்த மேட்டுப் பள்ளத்தாக்கில்தான். கொள்ளைக் கூட்டம் கதை. கற்கள் காணாமல் போவது நிஜம்!

"இதையா பார்க்க வந்தோம்?"

இங்கிலாந்தின் பழங்காலக் கல் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஸ்டோன்ஹெஞ்ச். அங்கே நிற்கும் பெரிய கற்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 அடி உயரம். எடை சுமார் 25 டன். மாடு என்ன, யானையே வந்து முதுகு சொறிந்தாலும் அசையாது.

எக்ஸ்மூர் கற்கள் அப்படி அல்ல. பெரும்பாலான கற்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. சில கற்கள் புல்லுக்கு மேல் ஒரு சாண்தான் தெரியும். அம்மிக்கல்லை நெட்டுக்குத்தாக நட்டு வைத்தது போல இருக்கும். சில கற்களை ஒரே ஆள் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம்.

மைல் கணக்கில் சேற்றில் நடந்து வந்து பார்க்கிற ஆசாமிக்கு "அட, இவ்வளவுதானா! இதையா பார்க்க வந்தோம்?" என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். கிழக்கு பின்போர்டு என்ற இடத்தில் 6 கற்கள். 2 வரிசை, வரிசைக்கு 3 கல். வேறு சில இடங்களில் பகடையில் 5 புள்ளி இருப்பது போல மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக நட்டு இருக்கிறார்கள். இன்னும் சில இடங்களில் எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை.

இப்படி 50-க்கும் மேற்பட்ட கல் அமைப்புகள் எக்ஸ்மூரில் உண்டு. இதே பாணியில் இத்தனை கல் அமைப்புகளைப் பிரிட்டனில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

நட்டவர்கள் புதிய கற்காலத்தின் கடைசியிலும் வெண்கலக் காலத்திலும் வாழ்ந்தவர்கள். ஆடு மாடு மேய்த்தவர்கள். எழுத்து கிடையாது. சாமி கும்பிட நட்டார்களா, செத்தவர் நினைவுக்கு நட்டார்களா, கூடிப் பேசும் இடமா என்று ஆராய்ச்சியாளர்களுக்கு உள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அவர்கள் விட்டுப்போன ஒரே வாக்குமூலம் இந்தக் கற்கள்தான்.

துப்பு துலக்கிய குதிரை

கற்கள் இவ்வளவு சின்னதாக இருப்பதால் கண்ணில் படுவதே கஷ்டம்.

விதிபூல் குன்றில் ஒரு கல் வட்டம் இருக்கிறது. குறுக்களவு சுமார் 120 அடி. இவ்வளவு பெரிய வட்டம் 1898 வரை ஆராய்ச்சியாளர்கள் யார் கண்ணிலும் படவில்லை. அந்த வருடம் ஒருவர் குன்றின் மேல் குதிரையில் போய்க்கொண்டு இருந்தார். குதிரை கால் இடறியது. குனிந்து பார்த்தால் கல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கல்!

இப்படித்தான் வட்டமே வெளிச்சத்துக்கு வந்தது. 1905-ல் ஹரால்டு செயின்ட் ஜார்ஜ் கிரே என்ற ஆராய்ச்சியாளர் அதை முறையாக அளந்தார். ஆதியில் அங்கே 100 கற்கள் வரை நின்றிருக்கலாம் என்பது கணக்கு. இன்று மிச்சம் சுமார் 30.

மீதிக் கற்கள் எங்கே?

குற்றவாளிகள் யார்?

முதல் குற்றவாளி மனிதன். 1818-ல் ஜான் நைட் என்ற தொழில் அதிபர், இந்த மேட்டில் அரசுக்குச் சொந்தமாக இருந்த 10 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 50 ஆயிரம் பவுனுக்கு வாங்கினார். மேட்டைத் திருத்தி விளைநிலம் ஆக்குவது அவர் திட்டம். வேலி எழுந்தது. ரோடு வந்தது. ஏர் ஓடியது. கல் தேவைப்பட்ட காலத்தில், கையால் தூக்கிவிடக் கூடிய கல் நட்டபடியே கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? சுவருக்கும், வாசல் கம்பத்துக்கும் பழைய கற்கள் போவது இந்த நாட்டில் பல ஊர்களில் நடந்த கதைதான்.

2-வது, ராணுவம். 2-வது உலகப் போரின்போது எக்ஸ்மூர் மேட்டில் பீரங்கிப் பயிற்சி நடந்தது. லார்க்பாரோ என்ற பண்ணை வீடு குண்டுக்கு இலக்காகி இடிந்தது. வீட்டுக்கே இந்தக் கதி என்றால், புல்லுக்குள் ஒளிந்து நிற்கும் ஒரு சாண் கல்லை யார் கவனித்திருப்பார்கள்?

3-வது ஆசாமிதான் பலே கில்லாடி. 4 கால், 2 கொம்பு!

மாட்டுக்கும் ஆட்டுக்கும் உடம்பு அரித்தால் சொறிந்துகொள்ள மரம் வேண்டும். எக்ஸ்மூர் மேட்டில் மரம் இல்லை. இருப்பது இந்தக் கல் மட்டும்தான். அதனால் எல்லா மாடுகளும் அதே கல்லைத் தேடி வருகின்றன. சுற்றிச் சுற்றி மிதித்ததில் கல்லின் அடியில் குழி விழுகிறது. குழியில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. மண் இளகுகிறது. சின்னக் கல் என்பதால் நட்ட குழியும் ஆழம் இல்லை. அடுத்த மாடு வந்து ஒரு உரசு உரசினால் போதும். கதை முடிந்தது.

அன்று கல்லை நட்டவர்கள் மாடு மேய்த்தவர்கள். இன்று கல்லைச் சாய்ப்பதும் மாடு. விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

4-வது, வண்டிச் சக்கரம். 5-வது, கல்லைப் பார்க்க வருகிறவர்களின் பூட்ஸ் கால்!

மகஜர் எழுதுவது போல...

கொலை நடந்த இடத்தில் போலீசார் மகஜர் எழுதுவது போலத்தான் இந்தக் கற்களைப் பதிவு செய்யும் வேலையும். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே ஆள் சாவதற்கு முன்பே மகஜர் எழுத வேண்டும்.

போகிறவர் கையில் வரைபடம், திசைகாட்டி, ஜி.பி.எஸ். கருவி, அளவு நாடா, காமிரா, நோட்டு, பென்சில் இருக்கும். பேனா உதவாது. மழையில் எழுத்து கரைந்துவிடும்.

கோடையில் போனால் பெரணிச் செடி இடுப்பு உயரம் நிற்கும். கல் கண்ணில் படாது. குளிர்காலக் கடைசியில், புல் படுத்துக் கிடக்கும்போது போவதே நல்லது. காலைச் சூரியனோ மாலைச் சூரியனோ தாழ்வாக இருக்கும் நேரத்தில் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழும். அந்த நிழலே காட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் கற்களை எண்ண வேண்டும். நிற்பவை எத்தனை, சாய்ந்தவை எத்தனை, விழுந்தவை எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் உயரம், அகலம், கனம். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து இருக்கிறது? அடியில் குழி உண்டா? எத்தனை அங்குல ஆழம்? தண்ணீர் நிற்கிறதா? மாட்டு மயிர் ஒட்டி இருக்கிறதா? பக்கத்தில் சாணி, குளம்புத் தடம், சக்கரத் தடம் உண்டா?

அப்புறம் போட்டோ. கல்லுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து, எந்தத் திசையில் இருந்து எடுத்தது என்பதைக் குறித்துவிட வேண்டும். 10 வருடம் கழித்து வருகிறவர் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்தால், 2 படத்தையும் பக்கத்தில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செய்யக் கூடாதவை அதைவிட முக்கியம். சாய்ந்த கல்லை "பாவம், நிமிர்த்தி வைப்போமே" என்று தொடக் கூடாது. பாசியைச் சுரண்டக் கூடாது. அடியில் தோண்டிப் பார்க்கக் கூடாது. கல்லின் காலடி மண்ணில்தான் அது எப்போது, எப்படி நடப்பட்டது என்ற தடயம் இருக்கிறது. தடயத்தைக் கலைத்தவன் நல்லெண்ணத்தில் கலைத்தானா என்று எந்தத் தடயமும் பார்ப்பதில்லை.

பாதிரியாரும் என்ஜினீயரும்

இந்த வேலை இன்று நேற்று தொடங்கியது அல்ல. சான்டர் என்ற பாதிரியாரும், ஒர்த் என்ற என்ஜினீயரும் 1905, 1906-ம் ஆண்டுகளில் எக்ஸ்மூர் கற்களைத் தேடி அலைந்து அளந்து, படம் வரைந்து, டெவன்ஷயர் சங்கத்தின் மலரில் வெளியிட்டார்கள்.

பிறகு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் மேடு முழுவதையும் அளந்து 1992-ல் அறிக்கை வெளியிட்டது. 2 படங்களையும் ஒப்பிட்டபோதுதான் சில இடங்களில் பழைய படத்தில் உள்ள கல் தரையில் இல்லை என்பது தெரிந்தது.

அந்தப் பாதிரியாரும் என்ஜினீயரும் அன்று சேற்றில் மண்டி போட்டு அளக்காமல் இருந்திருந்தால்? கல் போனதும் தெரியாது. இருந்ததும் தெரியாது!

லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க் கில்லிங்ஸ் குழுவினர் லானகோம் என்ற இடத்தில் ஆய்வு நடத்தினார்கள். 2010-ல் கட்டுரையும் வெளியிட்டார்கள். பெரிய கற்களை "மெகாலித்" என்பார்கள் அல்லவா? இந்தச் சின்னக் கற்களுக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் "மினிலித்". குட்டிக் கல்! சின்னது என்பதாலேயே தள்ளிவிடக் கூடாது, வேண்டும் என்றேதான் சின்னக் கல்லாக நட்டிருக்கலாம் என்ற பேச்சு அதன்பிறகு பலமாயிற்று.

சட்டம் இருக்கிறது, காவல்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1979-ம் ஆண்டு சட்டப்படி பட்டியலில் சேர்த்த பழஞ்சின்னத்தைத் தெரிந்தே சேதப்படுத்தினால் அபராதம் உண்டு. 2 ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. அனுமதி இல்லாமல் அங்கே மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவதும் குற்றம். எக்ஸ்மூர் கல் அமைப்புகள் பல இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆனால் மாட்டுக்கு எந்தக் கோர்ட்டு சம்மன் அனுப்பும்?

வேலி போடலாமே என்றால், வேலி ஓரமாக மாடுகள் நடந்து நடந்து புதுப் பள்ளம் விழும். மேய்ச்சலையே நிறுத்திவிடலாம் என்றால், புதரும் பெரணியும் வளர்ந்து வேரால் கல்லை அசைக்கும். அளவாக மேய விடுவதும், குழி விழுந்த இடத்தை முறையான அனுமதியோடு கல்லும் மண்ணும் போட்டு மூடுவதும்தான் வழி. அதற்கும் எந்தக் கல்லுக்கு முதலில் ஆபத்து என்று தெரிய வேண்டுமே! பதிவு நோட்டு இல்லாமல் அது எப்படித் தெரியும்?

இதில் இன்னொரு சிக்கல். 2000-ம் ஆண்டு வந்த சட்டப்படி திறந்த மேட்டு நிலங்களில் பொதுமக்கள் காலாற நடக்க உரிமை உண்டு. கல் இருக்கும் இடத்தை ஊருக்கே சொன்னால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் தரை தேயும். சொல்லாமல் மறைத்தால், கல் விழுந்தாலும் கேட்க நாதி இருக்காது. அதனால்தான் போகிறவர்கள் கொஞ்சம் பேராகப் போய், கற்களுக்கு நடுவே வட்டமடிக்காமல், தள்ளி நின்று பார்த்துவிட்டு, வந்த தடம் தெரியாமல் திரும்ப வேண்டும் என்கிறார்கள்.

6 இருக்குமா?

மேட்டில் மறுபடி மூடுபனி இறங்கும். மாடுகள் வரும். அளந்தவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடப்பார். அந்த நோட்டில் "கல் 6. நிற்பவை 5. சாய்ந்தது 1. குழி ஆழம் 7 அங்குலம்" என்பது போல ஒரு வரி இருக்கும்.

சில வருடம் கழித்து இன்னொருவர் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு அதே மேட்டில் நின்று எண்ணுவார். 6 என்றால் பெருமூச்சு விடலாம்.

5 என்றால், காணாமல் போன கல்லுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்!