ஊசியிலைக் காடும் ஊர்ப் பஞ்சாயத்தும்

உத்தராகண்டின் மலைச் சரிவுகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை, 'சீர்' எனப்படும் பைன் மரங்கள் மிகுதியாக வளர்கின்றன. கோடை மாதங்களில் உதிரும் இவற்றின் ஊசியிலைகளை மலைமக்கள் 'பிரூல்' என்பர். பிசின் கலந்த இவ்விலைகள் எளிதில் மக்குவதில்லை; எளிதில் பற்றிக்கொள்கின்றன. வயல் வரப்பில் புதர்களை எரிக்க மூட்டிய நெருப்பு கைமீறினால், மலைச்சரிவு முழுவதும் தீக்கிரையாகிவிடும்.

தீயினால் மிகுதியாகப் பாதிக்கப்படுவது பைன் அன்று. 'பாஞ்ச்' என்னும் ஓக் மரமே ஆகும். இதன் தழை மாட்டுக்குத் தீவனம். சருகு வயலுக்கு உரம். இதன் நிழலில் மண் ஈரம் காக்கிறது. அடிக்கடி தீ பரவும் இடங்களில் பாஞ்ச் கன்றுகள் கருகிவிட, தீயைத் தாங்கவல்ல பைன் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர்த் தழைக்காகப் பெண்கள் நெடுந்தொலைவு நடக்க நேரிடுகிறது.

இதனைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் கருதுவது பொருந்தாது. 1911க்கும் 1917க்கும் இடையில் குமாவோனின் பரந்த காடுகள் அரசின் காப்புக்காடுகளாக்கப்பட்டன. மேய்ச்சலும் விறகும் கட்டுப்படுத்தப்பட்டன. 1921ஆம் ஆண்டுக் கோடையில் மக்களின் சினம் அக்காடுகளில் தீயாகவே மூண்டது. அரசு குறைகேட்கும் குழுவொன்றை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. உத்தராகண்டில் இன்று 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன.

புல் அறுக்கும் நாளைக் குறிப்பதும், அத்துமீறுவோர்க்கு அபராதம் விதிப்பதும் இவற்றின் பணிகளாகும். பல ஊர்களில் காவலாளியின் கூலி வீட்டுக்கு வீடு திரட்டப்பட்டது. தன் புல்லும் தழையும் உள்ள காட்டில் தீ தோன்றினால், ஊர் ஆணைக்குக் காத்திராமல் ஓடிவரும். ஆயினும் மரம், பிசின் ஆகியவற்றை விற்க அரசுத் துறைகளின் இசைவு வேண்டும் என்னும் நிலை இவ்வமைப்பின் கையைக் கட்டியுள்ளது. பொறுப்பு ஊருக்கு, அதிகாரம் அலுவலகத்துக்கு என்னும் பங்கீடு நெடுநாள் நிற்பது அரிது.

பிரூலை வருவாயாக மாற்றும் முயற்சியும் நடைபெறுகிறது. எரிகட்டி செய்யவும் மின்சாரம் ஆக்கவும் அது பயன்படும். 2024 மே மாதத்தில் மாநில அரசு அதனை விலைக்கு வாங்கும் இயக்கத்தைத் தொடங்கியது. ஆனால் பிரூல் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. செங்குத்துச் சரிவிலிருந்து அதனைச் சாலைக்குச் சுமந்து வருவதற்கே பகற்பொழுது கழிந்துவிடும். எனவே, கொள்முதல் நிலையம் ஊருக்கு அருகில் அமைவது விலையைப் போன்றே இன்றியமையாதது.

அவ்வாண்டு ஜூன் 13 அன்று பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற பணியாளர் நால்வர் அங்கேயே உயிரிழந்தனர். பின்சர் அமைந்துள்ள அல்மோரா மாவட்டத்திலேயே, சீதலாகேத் வட்டார மக்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டுள்ளனர். வரப்புப் புதர்களை எரிக்கும் வேலையை மார்ச் மாத இறுதிக்குள் முடித்துவிடுவது என்பதே அது. இதற்குத் தனிக்கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. கோடை முற்றிச் சருகு காயும் வேளையில் வயல்களில் நெருப்பு இராது.