இடம் நிரப்ப வந்த பாட்டு!

எனக்கு ராக் இசைன்னா உயிர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழுவான 'பிளாக் சாபத்' தன் இரண்டாவது ஆல்பத்தை உருவாக்கிய கதை தெரியுமா?

குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி. 17 வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி அவருடைய வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைக்காரரான அவர் தந்தியை அழுத்துவது அந்தக் கையால்தான்! கிதாரை மறந்துடு என்றார்கள். அவர் மறக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அழுத்தச் சுலபமான மெல்லிய தந்திகளைக் கட்டினார்.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டிலேயே இரண்டாவதையும் பதிவு செய்தார்கள். பாட்டெல்லாம் ரெடி. ஆனால் இசைத்தட்டில் கொஞ்சம் இடம் மிச்சம்! சின்னதாக இன்னொரு பாட்டு வேண்டும். அயோமி சட்டென்று ஒரு மெட்டு பிடித்தார். கீசர் பட்லர் வரிகள் எழுத, ஆஸி ஆஸ்பர்ன் பாடினார். அதுதான் 'பாரனாய்ட்'.

'வார் பிக்ஸ்' என்று பெயர் வைக்க இருந்த ஆல்பத்துக்கே கடைசியில் இந்தப் பாட்டின் பெயரை வைத்தது இசை நிறுவனம். அட்டையில் வாளோடு பாயும் ஆள் மட்டும் பழைய பெயருக்காக எடுத்த படம். அதை மாற்றவே இல்லை! 1970 செப்டம்பரில் வெளியான ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

கடைசி நேரத்துல செஞ்சதுதானேன்னு எதையும் இளக்காரமா நினைக்காதீங்க. அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது, அந்த விரல்கள் பழகிய பல வருஷப் பயிற்சி!