பெயர் சொல்லாப் பாட்டு

பாடலைப் புனைந்தவர் அதனோடு தம் பெயரும் நிலைக்க வேண்டுமென விரும்புவது உலக இயல்பு. ஆயினும், வாய் திறந்தால் சிறை என்றிருக்கும் நாட்டிலே பாட்டு பெயரின்றியே பிறக்கிறது. இது நேற்று இன்று தோன்றிய வழக்கமன்று.

இலங்கையின் மலைநாட்டிலே கொழுந்தெடுத்த பெண்கள் பாடிய பாடல்கள் பல. கங்காணியின் கடுமையும், துரையின் அதட்டலும், அரைப்பேர் போடும் கணக்கும் அவற்றிலே கேலிக்கு உள்ளாயின. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. பாடிய பெண்களின் பெயரோ மறைந்துபோயிற்று. தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும்வரை, கடன் தீராதவர் வேறு தோட்டம் செல்வது அரிது. கங்காணியைப் பகைத்தவளுக்கு ஒதுங்க இடமில்லை. ஆதலால் பாட்டு மலையில் நின்ற அனைவருக்கும் பொதுவாயிற்று. முதலிற் பாடியவள் யார் என்று கேட்டால் விடை கிடையாது.

அந்தப் பாட்டின் இக்கால உறவினன், 'ராப்' எனப்படும் சொல்லிசை. ஒருகொடவத்தை முதல் வெள்ளவத்தை வரை இளைஞர் கைபேசியிற் கேட்கும் இவ்விசை, 1970களில் நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஏழை இளைஞரிடையே உருவாயிற்று. இதற்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டியதில்லை. தாளமும் குரலும் போதும். பூட்டிய அறையொன்றிற் பதிவு செய்துவிடலாம். ஒளிந்து வாழ்வோர் இதனைக் கைக்கொண்டதில் வியப்பில்லை.

பர்மாவில் 2007ஆம் ஆண்டு பிக்குகள் நடத்திய கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 'தலைமுறை அலை' என்ற இளைஞர் அணி தோன்றியது. அவர்கள் இரகசியமாகப் பதிவு செய்த பாடற் தட்டுக்களை ரங்கூன் தேநீர்க் கடைகளிலே விட்டுச் சென்றனர். லிபியாவில் 'இப்னு தாபித்' என்னும் புனைபெயருக்குள் மறைந்த ஒருவர், 2008 முதல் கடாபியை எதிர்த்துப் பாடினார். 1969இல் தொடங்கிய அவ்வாட்சி 2011இல் வீழ்ந்தது. தாய்லாந்தில் 2014ஆம் ஆண்டு படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 2018 ஒக்டோபரில், 'சர்வாதிகாரத்திற்கு எதிரான ராப்' என்னும் குழுவினர் ஒரு பாடலை வெளியிட்டனர். சட்ட நடவடிக்கை வரலாமெனப் பொலிசார் எச்சரித்தனர். அதன் பயனாகப் பாடலைக் கேட்டோர் தொகை சில நாட்களிற் கோடியைத் தாண்டியது.

பெயரை வெளியிட்டவர் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'தலைமுறை அலை'யை நிறுவியவர்களுள் ஒருவர் சேயார் தோ. பர்மாவிற் சொல்லிசையைப் பரப்பிய முன்னோடி அவர். 2008இல் சிறைப்பட்டு, 2011இல் விடுதலையாகி, 2012இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2021ஆம் ஆண்டு இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தபின் கைதானார். பயங்கரவாதக் குற்றஞ்சாட்டி இராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனை, 2022 யூலையில் நிறைவேற்றப்பட்டது.

எனினும், பெயரின்மைக்கு ஒரு குறையும் உண்டு. முகமற்ற குரல் பொய்யுரைத்தால் அதனைத் தட்டிக் கேட்க ஆளில்லை. அதே மறைவிலிருந்து வேற்றினத்தாரை இழித்துப் பாடவும் கூடும். ஆகவே, பாடியவர் யார் என்பதை அறிய இயலாத இடத்தில், பாடியது மெய்யா என்று ஆராயும் பொறுப்பு கேட்பவரிடம் வந்து சேர்கிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் கொழும்பு காலிமுகத்திடலிற் கூடிய மக்களிடையே, யார் கட்டியது என்று தெரியாமலே பல கேலி முழக்கங்கள் வாய்க்கு வாய் பரவின. யூலையில் சனாதிபதி பதவி விலகினார். அவரை விலகச் செய்தது பாட்டு மட்டுமன்று. எரிபொருளும் எரிவாயுவும் தேடி வரிசையில் நின்ற மக்களின் பொறுமை எல்லை கடந்திருந்தது. ஆயினும் தனித்தனியே வெந்த மனங்களுக்கு, தம்மைப் போலவே பிறரும் எண்ணுகின்றனர் என்பதை உணர்த்தியது அந்த முழக்கமே. அச்சம் ஆளும் நாட்டிலே பெயரற்ற பாட்டு செய்யும் பணியும் இதுவே.